செக் இன்ஜின் விளக்கு: வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியில் போய் முடிகின்றன: "இந்தக் கோடு வந்தால் எந்தப் பார்ட்டை மாற்ற வேண்டும்?" கோடு என்பது விளக்கு எரியும்போது காரின் கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் பழுது எண். எந்த இடத்தில் கணக்கு உதைக்கிறது என்பதோடு அது நின்றுவிடும். எந்தப் பார்ட் என்பது அளவெடுத்த பிறகு தெரிவது. ஆகவே, காசு செலவழிப்பதற்கு முன் பார்க்க வேண்டிய அளவுகளையே பதில்களில் முதலில் கொடுத்திருக்கிறோம்.

2015 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். பி0171 கோடு வந்தது. ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது என்று மாற்றினார்கள். சில நாளில் அதே கோடு மறுபடியும். இப்போது இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல்தான் காரணம் என்கிறார்கள். எதை நம்புவது?
— வாசகர், மதுரை

காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போகவில்லை, கம்ப்யூட்டர் கூட்டிக் கூட்டிக் கொடுத்தும் ஈடாகவில்லை என்பதுதான் பி0171. அதைக் கண்டுபிடித்துச் சொன்னதே ஆக்சிஜன் சென்சார். பெரும்பாலும் அது நன்றாகவே இருந்திருக்கும்.

ஸ்கேனரில் லைவ் டேட்டா திறந்து, ஷார்ட் டேர்ம், லாங் டேர்ம் என்ற இரண்டு ஃப்யூயல் டிரிம் எண்களையும் (கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்பது) கூட்டிப் பாருங்கள். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு மூன்று நிலைகளில் எடுக்க வேண்டும்: ஐடிலிங்கில், 2500 ஆர்பிஎம்மில் ஒரு நிமிடம் பிடித்து, மேம்பாலம் ஏறும்போது. கூட்டுத்தொகை பிளஸ் மைனஸ் 10-க்குள் இருந்தால் கவலையில்லை. பிளஸ் 20, 25 என்று போகும்போதுதான் கோடு விழும்.

ஐடிலிங்கில் அதிகமாக இருந்து 2500-ல் சரியாகிவிட்டால், கணக்கில் வராத காற்று எங்கோ உள்ளே போகிறது. பிரேக் பூஸ்டர் ஹோஸ், பிசிவி ஹோஸ், இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கட், இன்ஜெக்டர் ஓ-ரிங் ஆகியவற்றைப் பாருங்கள். ஒவ்வொரு ஹோஸாக மூக்குக் குறடால் துணி வைத்து நசுக்கிப் பிடித்து டிரிமைக் கவனியுங்கள். எதைப் பிடித்ததும் எண் சரசரவென்று இறங்குகிறதோ அந்தப் பாதையில்தான் கசிவு. சூடான இன்ஜின்மேல் கிளீனர் ஸ்ப்ரே அடித்துத் தேடும் பழக்கம் வேண்டாம், தீப்பிடிக்கும்.

இந்த விதி, ஏர் ஃபில்டரை அடுத்து, உள்ளே போகும் காற்றை அளக்கும் எம்ஏஎஃப் சென்சார் உள்ள கார்களுக்கே நன்றாகப் பொருந்தும். நம் ஊர்ச் சிறிய பெட்ரோல் கார்களில் பலவற்றில் எம்ஏஎஃப் கிடையாது. மேனிஃபோல்டில் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார்தான். அதில் த்ராட்டிலுக்குப் பிறகு நுழையும் காற்றும் மேனிஃபோல்டு அழுத்தத்தில் தெரிந்துவிடுவதால் டிரிம் அவ்வளவாக ஏறாது, ஐடிலிங் ஆர்பிஎம்தான் ஏறும். உங்கள் காரில் மேப் சென்சார் இருந்து, ஐடிலிங்கும் சரியாக இருந்தால், காற்றுக் கசிவைத் தேடி நாளைக் கடத்தாமல் எக்ஸாஸ்ட் பக்கம் போங்கள். முன் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் மேனிஃபோல்டு கேஸ்கட்டில் கரிக்கோடு தெரிகிறதா, காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று சத்தம் வந்து சூடானதும் அடங்குகிறதா என்று பாருங்கள். அந்த ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே இழுபட்டு, சென்சாருக்குப் பொய்த் தகவல் போகும்.

மேடு ஏறும்போது மட்டும் டிரிம் ஏறினால் பெட்ரோல் வரத்துதான் குறைவு. ஃப்யூயல் ரெயிலில் பிரஷர் கேஜ் மாட்டச் சொல்லுங்கள். இந்த வகைக் கார்களில் பொதுவாக 3 முதல் 4 பார் இருக்கும். சரியான எண் மேனுவலில் உண்டு. ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது அழுத்தம் சரிந்தால் ஃபில்டர் அல்லது டேங்குக்குள் இருக்கும் பம்ப். எம்ஏஎஃப் உள்ள காரென்றால் அதன் கம்பியில் படிந்த அழுக்கும் இதே குணத்தைக் காட்டும். அதற்கென்று விற்கும் ஸ்ப்ரேயால் மட்டும் கழுவுங்கள், கம்பியைத் தொடாதீர்கள்.

இ20-க்கு வருவோம். சுத்தப் பெட்ரோலில் 1 கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். இ10-ல் அது 14.1 அளவில், இ20-ல் 13.5 அளவில். அதாவது இ10-லிருந்து இ20-க்கு மாறினால் டிரிம் நாலைந்து புள்ளி ஏறும், அதுவும் மூன்று நிலையிலும் ஒரே மாதிரி ஏறும். ஆரோக்கியமான இன்ஜின் அதைத் தாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே பிளஸ் 17, 18-ல் ஓடிக்கொண்டிருந்த வண்டிக்குத்தான் அந்த நாலைந்து புள்ளி எல்லையைத் தாண்ட வைக்கும். பழுது வேறெங்கோ இருக்கிறது, அதைத் தேடச் சொல்லுங்கள்.

பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டினால் கோடு அழிந்துவிடுமே, ஸ்கேனர் எதற்கு?
— வாசகர், அரூர்

பல கார்களில் அழியும், புதிய கார்கள் சிலவற்றில் அழியாது. அழிந்தாலும் நஷ்டம் உங்களுக்குத்தான். கோடு விழுந்த நொடியில் என்ன வேகம், என்ன ஆர்பிஎம், கூலன்ட் எவ்வளவு சூடு என்று சேமித்து வைத்த ஃப்ரீஸ் ஃப்ரேம் அதோடு போய்விடும். அதைப் படமெடுத்துக்கொண்ட பிறகே கோடை அழியுங்கள். பழுதைச் சரிசெய்துவிட்டால், அதே சோதனை தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் தேறியதும் விளக்கு தானாக அணையும். கோடு, 40 முறை இன்ஜின் சூடாகி ஆறிய பிறகு நினைவிலிருந்தும் போகும்.

வாட்டர் சர்வீஸ் விட்டு எடுத்து வந்ததிலிருந்து இன்ஜின் மிஸ் அடிக்கிறது. விளக்கு விட்டு விட்டு எரிகிறது. கோடு பி0303. ஓட்டலாமா?
— வாசகி, திருப்பூர்

வேண்டாம். விளக்கு நிலையாக எரிவது வேறு, மின்னுவது வேறு. மின்னினால், எரியாத பெட்ரோல் கேட்டலிஸ்டுக்குள் (எக்ஸாஸ்டில் புகையைச் சுத்தம் செய்யும் பகுதி) போய் அங்கே எரிகிறது. உள்ளே இருக்கும் பீங்கான் உருகி அடைத்துக்கொண்டால், சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை பல ஆயிரத்துக்குப் போகும்.

0303-ன் கடைசி எண் மூன்றாவது சிலிண்டர். டைமிங் செயின் அல்லது பெல்ட் இருக்கும் பக்கத்திலிருந்து எண்ணுவதே பெரும்பாலான கார்களில் வழக்கம். அந்தச் சிலிண்டரின் காயிலை (பிளக்குக்கு மின்சாரம் தரும் பாகம்) கழற்றினால் பிளக் குழிக்குள் தண்ணீர் நிற்கும். பிளக்கை உடனே அவிழ்க்காதீர்கள், தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். முதலில் கம்ப்ரஸர் காற்றால் குழியை ஊதிக் காய வையுங்கள். பிறகு, இன்ஜின் ஆறியிருக்கும்போது பிளக்கை எடுத்து அதன் வெள்ளைப் பீங்கானை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பென்சிலால் கீறியது போல மேலிருந்து கீழாக மெல்லிய கறுப்புக் கோடு ஓடினால், ஸ்பார்க் அந்த வழியாகத் தப்பி ஓடிப் பழகிவிட்டது. காயிலின் ரப்பர் உறைக்குள்ளும் (பூட்) அதே தடம் இருக்கும். துடைத்தால் போகாது, பிளக், பூட் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழைய தடம் புதியதைக் கெடுக்கும்.

தடம் இல்லையா? மூன்றாம் காயிலை ஒன்றில் மாட்டி, ஒன்றாம் காயிலை மூன்றில் மாட்டிக் கோடை அழித்துவிட்டு ஓட விடுங்கள். கோடு பி0301 என்று மாறினால் காயில் போய்விட்டது. மாறாமல் பி0303 ஆகவே நின்றால், அதே முறையில் பிளக்கை இடம் மாற்றுங்கள். அதற்கும் அசையாவிட்டால் இன்ஜெக்டர் கப்ளரில் தண்ணீர் இருக்கிறதா, மேனிஃபோல்டு இன்ஜெக்டர் என்றால் மின்தடை 12 முதல் 16 ஓமுக்குள் இருக்கிறதா என்று பார்த்து, கடைசியில் கம்ப்ரஷன் டெஸ்ட். பிளக்கைத் திரும்பப் போடும்போது முதலில் கையாலேயே சுற்றி இறக்குங்கள். அலுமினிய ஹெட்டில் மரை போனால் வேலை இரட்டிப்பு.

இன்ஜின் பகுதியை அடுத்த முறை ஈரத்துணியால் துடைக்கச் சொன்னால் போதும், ஹை பிரஷர் வேண்டாம்.

எலித்தொல்லை. பி0113 கோடு. இன்டேக் காற்றின் வெப்பம் மைனஸ் 40 டிகிரி என்று காட்டுகிறது. சென்சார் வாங்கிவிடலாமா?
— வாசகர், தென்காசி

தென்காசியில் மைனஸ் 40 என்றால் சர்க்யூட் எங்கோ அறுந்திருக்கிறது என்றே பொருள். அறுந்தது சென்சாரா வயரா என்பதை ஒரு சிறு கம்பித்துண்டு சொல்லிவிடும். சாவியை அணைத்துக் கப்ளரைக் கழற்றுங்கள். வயர் பக்கத்துக் கப்ளரின் இரண்டு துளைகளையும் கம்பியால் இணைத்து, சாவி போட்டு ஸ்கேனரைப் பாருங்கள். எண் மைனஸ் 40-லிருந்து 120, 140 என்று தாவினால் வயரிங்கும் கம்ப்யூட்டரும் நலம், சென்சாரை மாற்றலாம். தாவாமல் மைனஸ் 40-லேயே நின்றால் சென்சாரில் குற்றமில்லை, வயர் அறுந்திருக்கிறது. சென்சாரைக் கழற்றி மீட்டரில் அளந்தாலும் தெரியும்: 30 டிகிரியில் ஏறத்தாழ 2 கிலோ ஓம் பக்கம் காட்ட வேண்டும்.

இரண்டே வயர் உள்ள தனிச் சென்சாருக்கு மட்டும் இந்தச் சோதனை. நாலைந்து வயர் உள்ள கூட்டுச் சென்சாரில் 5 வோல்ட் லைனும் இருக்கும்; வயரிங் படம் இல்லாமல் எதையும் எதோடும் இணைக்காதீர்கள்.

கடிபட்ட வயரை முறுக்கி டேப் சுற்றினால் இன்ஜின் சூட்டில் பசை இளகிவிடும். ஈயம் வைத்துப் பற்றவைத்து, உட்புறம் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். ஒரு வயரைக் கடித்த எலி பக்கத்து வயரையும் சுரண்டியிருக்கும், ஹார்னஸ் உறையை இரண்டு பக்கமும் ஒரு சாண் பிரித்துப் பார்த்துவிடுங்கள்.

பிஎஸ்-6 டீசல் எஸ்யூவி. தினமும் வீட்டிலிருந்து அலுவலகம் 5 கி.மீ. டிபிஎஃப் (புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) விளக்கு வந்து, இப்போது பி2463 கோடும் வந்து பிக்கப் இல்லை. ஃபில்டரையே எடுத்துவிடலாம் என்கிறார் ஒருவர்.
— வாசகர், கோவை

எடுக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு அப்படி மாற்றம் செய்வதைத் தடுக்கிறது. எடுத்தால் பின்னால் வரும் இருசக்கர வாகனக்காரர் முகத்தில்தான் அந்தக் கரி முழுவதும் விழும்.

பி2463 என்றால் ஃபில்டரில் கரி அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டது. அந்தக் கரியை எரிக்க ஃபில்டருக்குள் சுமார் 600 டிகிரி வெப்பம் வேண்டும். அதற்காகக் கம்ப்யூட்டர் கூடுதல் டீசலைப் பாய்ச்சும். 5 கி.மீ. ஓட்டத்தில் எரிப்பு தொடங்குவதற்குள் நீங்கள் சாவியை அணைத்துவிடுகிறீர்கள். பாதியில் நிற்கும் ஒவ்வொரு முறையும் கரி அப்படியே இருக்க, பாய்ச்சிய டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்குகிறது. ஆகவே இன்றே டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயில் அளவு மேல் குறிக்கு மேலே ஏறியிருந்தால் அது டீசல் கலந்த ஆயில். முதலில் அதை மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை. மேனுவலில் சொன்ன சாம்பல் குறைந்த ஆயில் மட்டுமே ஊற்றுங்கள். கரி எரியும், ஆயிலின் சாம்பல் எரியாது, ஃபில்டரிலேயே தங்கிவிடும்.

ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்ஸ்டு ரீஜெனரேஷன் (கரியைக் கட்டாயமாக எரிப்பது) போடுவதற்கு முன் டிஃபரென்ஷியல் பிரஷர் எண்ணை (ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம்) காட்டச் சொல்லுங்கள். சாவி போட்டு இன்ஜின் ஓடாத நிலையில் அது பூஜ்யம் பக்கம் இருக்க வேண்டும். இன்ஜின் நிற்கும்போதே 20, 30 மில்லிபார் காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது. அந்தச் சென்சாருக்குப் போகும் இரண்டு மெல்லிய ரப்பர் குழாய்கள் சூட்டில் வெடித்திருக்கிறதா, கரியால் அடைத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமலே ஃபில்டருக்கு விலை சொல்லும் இடத்தில் வண்டியை விடாதீர்கள். எக்ஸாஸ்ட் புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பிவிடும் ஈஜிஆர் வால்வு திறந்தபடி சிக்கியிருந்தாலும், டர்போ ஹோஸ் கசிந்தாலும், இன்ஜெக்டர் சொட்டினாலும் கரி இரட்டிப்பாகும். அவற்றை விட்டுவிட்டு எரித்தால் சீக்கிரமே இதே விளக்கு வரும்.

சரியான பிறகு வாரம் ஒரு நாள் நீலம்பூரிலிருந்து அவிநாசி வரை நெடுஞ்சாலையில் போய்த் திரும்புங்கள். டேங்கில் கால் பங்குக்கு மேல் டீசல் இருக்கட்டும், 60 முதல் 80 கி.மீ. வேகத்தில், 2000 ஆர்பிஎம் குறையாத கியரில் 20 நிமிடமாவது விடாமல் ஓட வேண்டும். வண்டியை நிறுத்தும்போது ஐடிலிங் வழக்கத்தைவிட அதிகமாக இருந்து ரேடியேட்டர் ஃபேன் வேகமாகச் சுற்றினால் எரிப்பு நடந்துகொண்டிருக்கிறது. அணைக்காமல் இன்னும் கொஞ்சம் ஓட்டுங்கள். காய்ந்த புல்மேல் நிறுத்தவே கூடாது. வாரத்தில் அந்த ஒரு ஓட்டமும் முடியாது என்றால் டீசல் கார் உங்கள் தேவைக்குப் பொருந்தவில்லை. அடுத்தது பெட்ரோலாக எடுங்கள்.

டீசல் வண்டிக்கான யூரியா திரவத்தைக் கேனில் வாங்கித் தகர ஷெட்டில் வைத்திருந்தோம். ஊற்றியதும் பி207எஃப் வந்துவிட்டது.
— வாசகர், வேலூர்

திரவத்தின் தரம் சரியில்லை என்பதுதான் அந்தக் கோடு. யூரியா 32.5 சதவீதம் இருக்க வேண்டும். 25 டிகிரியில் 18 மாதம் தாங்கும் திரவம் 30 டிகிரியில் 12 மாதம், 35 டிகிரியில் 6 மாதம்தான் தாங்கும். வேலூர் வெயிலில் தகரக் கூரையின் கீழ் அதுவும் நிற்காது. செறிவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சதவீதம் தவறினால் டேங்கை முழுவதும் வடித்து, புதிய தேதியிட்ட கேனை ஊற்றுங்கள். தண்ணீர் சேர்த்துச் சரிக்கட்ட வேண்டாம்; குழாய்த் தண்ணீரின் உப்பு கேட்டலிஸ்டைக் கெடுக்கும்.

ஓவர்ஹீட் ஆனதால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டார்கள். இப்போது பி0128, மைலேஜும் இல்லை.
— வாசகர், ஈரோடு

"நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு" என்பது கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. கூலன்ட் போதிய சூட்டை எட்டவில்லை என்பதுதான் பி0128. இன்றைய கம்ப்யூட்டர், கூலன்ட் 80 டிகிரியைத் தாண்டும் வரை இன்ஜின் குளிர்ந்திருப்பதாகவே நினைத்துக் கூடுதல் பெட்ரோல் கொடுக்கும். மைலேஜ் போனது அதனால்தான். புது தெர்மோஸ்டாட்டும் கேஸ்கட்டும் போடுங்கள். அதன் மேலேயே திறக்கும் வெப்பம் அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் 82 அல்லது 88. போட்ட பிறகு காலையில் ஸ்டார்ட் செய்து மேல் ரேடியேட்டர் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். இன்ஜின் சூடாகும் வரை ஹோஸ் குளிர்ச்சியாக இருந்து, பிறகு சட்டென்று சுட வேண்டும்.

ஓவர்ஹீட் ஆன காரணம் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. ஃபேன் ரிலே, ரேடியேட்டர் மூடியின் ரப்பர், போர்வெல் தண்ணீர் ஊற்றி உப்புப் படிந்த ரேடியேட்டர், இந்த வரிசையில் தேடுங்கள். இனி கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி.

ஜப்பானிலிருந்து வந்த டொயோட்டா அக்வா. பி0ஏ80 காட்டுகிறது. முழு ஹைபிரிட் பேட்டரியும் மாற்ற வேண்டும் என்கிறார்கள்.
— வாசகர், யாழ்ப்பாணம்

மாற்ற வேண்டி வரலாம், ஆனால் இரண்டு விஷயங்களைப் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம். முதலாவது, பின் ஆசனத்தின் அருகே உள்ள பேட்டரிக் காற்றுத் துவாரம். அதன் பின்னால் உள்ள ஃபேனில் தூசியும் முடியும் அடைத்துவிட்டால் பேட்டரி வெந்துபோகும். இரண்டாவது, ஹைபிரிட் டேட்டா வாசிக்கும் ஸ்கேனரில் பிளாக் (சேர்த்து அளக்கப்படும் மொடியூல் தொகுதி) வோல்டேஜ்கள். 144 வோல்ட் கொண்ட அந்தப் பேட்டரியில் 20 மொடியூல்கள் இருக்கின்றன. வாகனத்தை வேகமாக எடுக்கும்போது எல்லா பிளாக்குகளும் சேர்ந்து இறங்க வேண்டும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 1 வோல்ட்டுக்கு மேல் கீழே போனால் அது பலவீனம்.

கடற்காற்று உள்ள ஊர் என்பதால், மொடியூல்களை இணைக்கும் செப்புத் தகடுகளிலும் அளவெடுக்கும் வயர் முனைகளிலும் பச்சை பிடித்திருக்கவும் கூடும். அப்படியானால் தகடுகளைச் சுத்தம் செய்தோ மாற்றியோ பார்த்தபின் மறுபடி அளந்து பாருங்கள். இந்த வேலை பயிற்சி பெற்றவருக்கே உரியது: 12 வோல்ட் நெகட்டிவைக் கழற்றி, செம்மஞ்சள் நிற சேர்விஸ் பிளக்கை உருவி, 10 நிமிடம் காத்திருந்து, 1000 வோல்ட் தாங்கும் கையுறையோடு திறக்க வேண்டும். பிளக்கை உருவிய பின்னும் மொடியூல்களுக்குள் மின்சாரம் இருந்துகொண்டேயிருக்கும்.

ஒரேயொரு மொடியூலை மாற்றித் தருவதாகச் சொன்னால், போடப்போகும் மொடியூலின் கொள்ளளவை அளந்தார்களா என்று கேளுங்கள். மற்ற 19-ம் அதே வயதுடையவை. பொருந்தாததைச் செருகினால் அடுத்த பலவீனமானது விரைவில் விழும்.

ஒரே நாளில் 11 கோடுகள்: பி0562, யு0100, யு0121 என்று வரிசையாக. ஏபிஎஸ், ஸ்டீயரிங் விளக்குகளும் எரிகின்றன. கம்ப்யூட்டர் போய்விட்டதா?
— வாசகி, தாம்பரம்

பேட்டரியிலிருந்து தொடங்குங்கள். பி0562 வோல்டேஜ் குறைவு. மற்றவை அந்தக் குறைந்த வோல்டேஜில் பேச முடியாமல் போன கம்ப்யூட்டர்களின் புகார். இரவு முழுவதும் நின்ற வண்டியில் 12.6 வோல்ட், ஸ்டார்ட் செய்யும் நொடியில் 9.6-க்குக் குறையாமல், ஓடும்போது 13.8 முதல் 14.5. ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே மீட்டர் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயர் துருப்பிடித்திருக்கிறது. இவை சரியென்றால் மட்டும், பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனர் மாட்டும் ஓபிடி சாக்கெட்டின் 6, 14 பின்களுக்கிடையே ஓம் பாருங்கள். 60 வர வேண்டும். 120 என்றால் கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் லைனின் ஒரு முனை அறுந்திருக்கிறது, பூஜ்யம் பக்கம் என்றால் இரண்டு வயரும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

மலிவான ப்ளூடூத் ஸ்கேனர் ஏபிஎஸ் கோடைக் காட்டவில்லை.
— வாசகர், நாகர்கோவில்

ஈஎல்எம்327 நகல்களும் (மலிவான ஸ்கேனர்களில் இருக்கும் சிப்) சாதாரண செயலிகளும் இன்ஜின் கோடுகளோடு நின்றுவிடும். ஏபிஎஸ், ஏர்பேக் இரண்டுக்கும் உங்கள் கார் கம்பெனியை ஆதரிக்கும் முழு ஸ்கேனர் வேண்டும். வேலை முடிந்ததும் உருவிவிடுங்கள், 16-வது பின்னில் எப்போதும் பேட்டரி கரண்ட் இருக்கிறது. ஏர்பேக் வயரில் மட்டும் ஓம் மீட்டரை ஒருபோதும் வைக்காதீர்கள். மீட்டரின் சிறு கரண்ட்டே பையை வெடிக்க வைத்துவிடக்கூடும்.

பி0420. கேட்டலிஸ்ட் விலை கேட்டுத் தலை சுற்றுகிறது.
— வாசகர், புதுச்சேரி

கேட்டலிஸ்ட் புகையைச் சரியாகச் சுத்தம் செய்யவில்லை என்பதுதான் பி0420. இன்ஜினைச் சூடாக்கி 2500 ஆர்பிஎம்மில் பிடித்துக்கொண்டு பின் ஆக்சிஜன் சென்சாரின் வோல்டேஜைப் பாருங்கள். 0.6, 0.7 என்று ஏறக்குறைய அசையாமல் நின்றால் கேட்டலிஸ்ட் வேலை செய்கிறது. 0.1-க்கும் 0.9-க்கும் இடையே ஊசலாடினால் அது களைத்துவிட்டது. ஆனால் இரண்டு சென்சாருக்கும் நடுவே குழாயில் ஓட்டை இருந்தாலும் அப்படியே ஆடும், வெல்டிங்கையும் ஃபிளாஞ்ச் கேஸ்கட்டையும் பார்த்துவிடுங்கள். பின் சென்சாரைத் தள்ளி மாட்ட ஒரு இடைத்துண்டு விற்கிறார்கள். அது விளக்கை அணைக்கும், புகையை அல்ல.

கேட்டலிஸ்ட் தானாகச் சாவது அரிது. மிஸ் அடித்த இன்ஜின், ஆயில் குடிக்கும் இன்ஜின், அளவுக்கு மீறிப் பெட்ரோல் ஊற்றும் இன்ஜின் ஆகியவை அதைக் கொல்கின்றன. 1000 கி.மீ.க்கு எவ்வளவு ஆயில் குறைகிறது என்று குறித்து வையுங்கள். மிஸ்ஃபயர் எண்ணிக்கை பூஜ்யமாகவும், ஃப்யூயல் டிரிம் பிளஸ் மைனஸ் 5 பக்கமாகவும் இருப்பதை ஸ்கேனரில் உங்கள் கண்ணால் பார்த்த பிறகே புதியதை மாட்டச் சொல்லுங்கள்.